மானியம் சிட்டாவுக்கா, உழுகிறவருக்கா?

2025 மாசி மாதம். எங்கள் ஊராட்சியில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம் போட்டிருந்தார்கள். ஆதார் அட்டை, பட்டா, ஆதாரோடு இணைத்த செல்போன் இவ்வளவும் இருந்தால் போதும். போனில் வந்த எண்ணைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் அரசாங்கக் கணக்கில் விவசாயி ஆகிவிட்டேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என் நிலத்தில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிற அம்மா. அவரும் ஆதார், போன், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் கொண்டு வந்திருந்தார். "பட்டா எங்கம்மா?" என்று கேட்டார்கள். "பட்டா சாரு பேருல இருக்கு, பாடு எம்பேருல இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். கணினி முன் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி அப்படி.

திரும்பி வரும்போது வரப்பில் நின்று கேட்டார்: "ஏன் சார், நாத்துப் பாவுறது நானு, நடவு நடுறது நானு, களையெடுக்கறது நானு. விவசாயின்னு நம்பர் மட்டும் ஒங்களுக்கா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் யார், என் கணக்கு என்ன?

வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு 2018-இல் மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். மதுரைக்கு மேற்கே செல்லம்பட்டி ஒன்றியத்தில் அப்பா விட்டுப்போன 4 ஏக்கர் புஞ்சை, ஒரு கிணறு. நான் ஊர் ஊராக மாற்றலில் அலைந்த காலமெல்லாம் அதை உழுதது அந்த அம்மாவின் மாமனாரும் பிறகு வீட்டுக்காரரும். இப்போது இருவருமே இல்லை. ஓய்வு பெற்று வந்ததும் இரண்டரை ஏக்கரை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றரை ஏக்கர் அவரிடம் இருக்கிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

என் பங்கில் உப்பு உரம் போட்டு ஏழு வருடம் ஆகிறது. பலதானிய விதைப்பு, ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று உங்கள் எல்லோரையும் போலத்தான். அந்த அம்மாவிடமும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம் சார்" என்பார். மறுநாள் டிவிஎஸ் எக்ஸெல்லில் யூரியா மூட்டை வந்து இறங்கும். விவரம் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வேன். விவரம் தெரியாதது யாருக்கு என்று பின்னால் புரிந்தது.

முகாமிலிருந்து வந்த அன்றிரவு பழைய புத்தியில் ஒரு பேரேடு போட்டேன். ஒரே சர்வே எண், இரண்டு உழவர். அரசு தருவதில் யாருக்கு எது வருகிறது?

இலவச மின்சாரம் முதல் வரவு. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளோடு தெருவுக்கு வந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்து உழவர்கள் நடத்திய போராட்டத்தின் பலன் அது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேல் விவசாய மின் இணைப்புகள் உண்டு. கிணறும் இணைப்பும் உள்ளவருக்குத்தான் அது வரவு. பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் வானம் பார்த்துக் குதிரைவாலி விதைக்கிறவருக்கு இந்தத் தலைப்பில் சைபர். எங்கள் கிணற்று இணைப்பு என் பெயரில். அந்த அம்மாவின் நெல்லும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. ஆனால் குத்தகையோடு சேர்த்துத் தண்ணீருக்கென்று தனியாக இரண்டு மூட்டை நெல் வாங்குவது அப்பா காலத்து வழக்கம். நானும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டிருந்தேன். கரண்டு எனக்கு இலவசம். அதை நான் அவருக்கு விற்றுக்கொண்டிருந்தேன். பேரேட்டில் எழுதும்போதுதான் கை நின்றது.

அடுத்தது சொட்டுநீர். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவருக்கு 75 சதவீதம் மானியம். 5 ஏக்கருக்குள் நிலம் இருந்தால் சிறு விவசாயி சான்று. அங்கே கணக்கு நிலத்தின் அளவுதான், என் பென்சன் குறுக்கே வரவில்லை. நான் மல்லிகைக்குச் சொட்டுநீர் போட்டது அப்படித்தான். அந்த அம்மாவுக்குச் சிட்டா இல்லை, சான்று இல்லை, குழாயும் இல்லை.

மூன்றாவது, பி.எம். கிசான். வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை என்றார்கள், பிறகு நிலம் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் விரித்தார்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்கும், அரசு, பொதுத்துறை வேலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பென்சன் வாங்குகிறவர்களுக்கும் கிடையாது. எனக்குக் கிடையாது, சரிதான். உழுகிற அம்மாவுக்கும் கிடையாது. நிலம் அவர் பெயரில் இல்லையே! ஆக என் 4 ஏக்கருக்கு அந்தப் பணம் யாருக்குமே வரவில்லை. பக்கத்து வயலுக்கு வருகிறது, அதன் சொந்தக்காரர் சென்னையில் கடை வைத்திருக்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் ஊர் வருவார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, விதிப்படி வாங்குகிறார்.

விதியை மீறியதும் நடந்தது

2020-இல் ஒரு கணினி மையத்தில் எனக்கே ஒருவர் சொன்னார்: "சார், பென்சன்னு போடாம விட்டுட்டா ஒங்களுக்கும் வந்துரும். எல்லாரும் போடுறாங்க." நான் போடவில்லை. அது என் நல்ல குணம் என்று சொல்லமாட்டேன். வங்கிக்காரன், தணிக்கை வரும் என்ற பயம்.

தணிக்கை வரத்தான் செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று மாவட்டம் மாவட்டமாக வெளியே வந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தித் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அரசே சொன்ன தொகை 110 கோடி ரூபாய். 80 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம், சிபிசிஐடி விசாரணை. கணக்கில் வந்த பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அதில் பலர் "கொரோனா பணம்" என்று யாரோ சொல்லக் கேட்டு ஆதாரைக் கொடுத்த ஏழைகள்.

எல்லோரும் அந்த 110 கோடியைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு திட்டத்தில் தகுதி இல்லாதவர் உள்ளே போவது ஒரு தப்பு என்றால், தகுதி உள்ளவர் வெளியே நிற்பது இன்னொரு தப்பு. முதல் தப்புக்கு வழக்கு உண்டு. இரண்டாவதற்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது

இதைப் படிக்கிற உங்களில் சிலர் என்னைப் போன்ற ஒரு மேலாளர் முன்னால் நின்றிருப்பீர்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

2008 ஜனவரி. கிளையில் வாராக்கடன் ஏறிவிட்டது என்று மேலிடத்து நெருக்கடி. நானும் கள அலுவலரும் பைக்கில் ஊர் ஊராகப் போனோம். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் ஒருவர், பயிர்க்கடன் தவணை தாண்டி ஒரு வருடம். வாசலில் நின்று நாலு பேர் கேட்கப் பேசினேன். அடுத்த வாரம் உழவு மாட்டை விற்று முழுப்பணத்தையும் கட்டினார். ரசீதில் கையெழுத்துப் போட்டு, "உங்கள மாதிரி ஆள் வேணும்ணே" என்று பாராட்டினேன்.

பிப்ரவரி 29 அன்று மத்திய நிதிநிலை அறிக்கையில் கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. 2007 மார்ச் 31-க்குள் கொடுத்த கடன், 2007 டிசம்பர் 31 அன்று தவணை தாண்டியிருக்க வேண்டும், 2008 பிப்ரவரி 29 வரை கட்டாமல் இருந்திருக்க வேண்டும். சிறு, குறு விவசாயிக்கு முழுத் தள்ளுபடி. மற்றவர் 75 சதவீதம் கட்டினால் 25 சதவீதம் கழிவு. மாட்டை விற்றுக் கட்டியவர் பட்டியலில் இல்லை. நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அவருக்கு மாடும் மிஞ்சியிருக்கும், கடனும் போயிருக்கும். அவர் வந்து சண்டை போடவில்லை. வங்கிப் பக்கமே பிறகு வரவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 3.45 கோடிப் பேருக்குச் சுமார் 52,500 கோடி ரூபாய் போனது. 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. சோதித்த கணக்குகளில் 8.5 சதவீதம் தகுதி இல்லாதவர்கள். விடுபட்டவர்கள் என்று தனியே பார்த்த கணக்குகளில் 13 சதவீதத்துக்கும் மேல் தகுதி இருந்தும் பட்டியலில் ஏறாதவர்கள். வங்கிப் படியே ஏறாமல் கந்துவட்டிக்கு வாங்கிய குத்தகைக்காரர் இந்த இரண்டு எண்ணிலும் இல்லை.

இன்னொன்று, விவசாய நகைக்கடன். வங்கிகள் தரும் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குப் போக வேண்டும் என்று இலக்கு. சிட்டா நகலும் நகையும் கொண்டு வந்தால் 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம். வரம்பு 3 லட்சம். எங்களுக்கு இலக்கு முடியும், நகை இருப்பதால் கடனும் வாராமல் போகாது. யார் வந்தார்கள்? ஊரில் பூர்வீக நிலம் தரிசாகக் கிடக்க, டவுனில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். 3 லட்சத்தை 4 சதவீதத்துக்கு வாங்கி அதே கிளையில் வைப்புத்தொகையாகப் போட்டவரையும் எனக்குத் தெரியும். அந்தக் கடனுக்கு அரசு தந்த வட்டி மானியம் வங்கிக்கு 2 சதவீதம், கடன்காரருக்கு 3 சதவீதம், ஆக ஆண்டுக்கு 15,000 ரூபாய். ஒரு சென்ட் உழாதவருக்கு, உழுகிறவர் பெயரில். அந்த விண்ணப்பங்களில் கையெழுத்து என்னுடையது. பின்னால் கிசான் கடன் அட்டைக்கு மட்டும்தான் வட்டி மானியம் என்று இறுக்கினார்கள். ஆனால் அட்டைக்கும் அடிப்படை அதே சிட்டாதான்.

யூரியா மூட்டை சொன்ன பாடம்

பேரேட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு வரவாவது எழுத வேண்டுமே என்று மறுநாள் அவரிடமே கேட்டேன். "ஒங்களுக்கு அரசாங்கத்துல இருந்து ஏதாச்சும் வருதாம்மா?"

"உரக்கடையில கைரேக வச்சா மூட்ட குடுக்குறாக. அங்க மட்டுந்தேன் என்னையப் பட்டா கேக்கல."

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. ஏழு வருடமாக நான் விட்டுவிடச் சொன்னது, அவருக்குக் கிடைத்த ஒரே மானியத்தை!

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை நாம் வாங்குவது 266 ரூபாய் 50 காசு. உண்மையான அடக்கம் சுமார் 2,200 ரூபாய் என்று 2023-இல் மத்திய அரசே சொன்னது. மூட்டைக்கு 1,900 ரூபாய்க்கு மேல் மானியம். கடையில் கைரேகை விழுந்ததும் அந்தப் பணம் உர நிறுவனத்துக்குப் போகிறது. பரிந்துரைப்படி ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய மூன்று மூட்டை யூரியா. அப்படியானால் ஒரு போகத்துக்கு, ஒரு ஏக்கருக்கு, சுமார் 5,800 ரூபாய். இருபோகம் போடுகிற 10 ஏக்கர்காரருக்கு வருடம் 1,16,000 ரூபாய். கூடப் போட்டால் கூட மானியம்.

நமக்கு? பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று வருடத்துக்கு 31,500 ரூபாய். அதில் இடுபொருளுக்கென்று உழவர் கணக்குக்கு வருவது 15,000. வருடக் கணக்கில், ஏக்கருக்குப் பிரித்தால் சுமார் 2,000 ரூபாய். அதுவும் தொகுப்பில் சேர்ந்திருந்தால், மூன்றே வருடத்துக்கு. மாநில அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கை கொண்டுவந்தது, பசுந்தாள் உர விதை மானியத்தில் தருகிறது, நம்மாழ்வார் பெயரில் விருது தருகிறது. வரவேற்போம். ஆனால் தராசில் இரண்டு தட்டையும் பார்த்தால் எது தாழ்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

உர மானியத்தை நாளைக்கே நிறுத்து என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினால் முதல் அடி அந்த அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான். மூட்டைக்குப் போகிற பணத்தில் ஒரு பங்காவது ஏக்கர் கணக்கில், உப்பு போட்டாலும் போடாவிட்டாலும் உழுகிறவர் கைக்கு வரட்டும் என்று கேட்கிறேன். யூரியா வேண்டும் என்பவர் அதில் வாங்கிக்கொள்ளட்டும். சாணம் வேண்டும் என்பவர் மாடு வாங்கட்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். "நீங்க சொல்றபடி மூணு வருசம் மண்ணைத் தேத்தி விட்டேன்னு வைங்க. நாலாம் வருசம் தம்பி வந்து நெலத்தக் குடுன்னா நான் மண்ணத் தூக்கிட்டா போக முடியும்?" தம்பி என்றது என் மகனை. வாய்ப்பேச்சுக் குத்தகையில் யாரும் மண்ணில் முதலீடு போடமாட்டார்கள். சான்றளிப்புக்குப் போனாலும் நிலத்தின் ஆவணம் கேட்பார்கள். நம் இயக்கக் கூட்டங்களில் குத்தகைக்காரர்கள் ஏன் அவ்வளவாக வருவதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கையெழுத்து

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். இந்தச் சட்டங்களுக்குப் பயந்துதான் என் போன்ற சொந்தக்காரர்கள் எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை. எழுத்தில் இல்லாததால் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பட்டாதாரர் பெயரே ஏறுகிறது. அடங்கலில் பெயர் இல்லாததால் பயிர்க் காப்பீடு இல்லை, கூட்டுறவுக் கடனும் கஷ்டம், வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் யாருக்கு என்ற கேள்வி வேறு. முடிச்சு எங்கே விழுகிறது பாருங்கள்! என் வீட்டில்தான்.

பக்கத்து மாநிலங்கள் முயன்றிருக்கின்றன. தெலங்கானாவில் 2018-இல் தொடங்கிய ரைது பந்து ஏக்கர் கணக்கில் பணம் தந்தது. ஆனால் நிலத்தின் சொந்தக்காரருக்கே தந்தது, குத்தகைக்காரரை விட்டுவிட்டது. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகை உழவரையும் நிலமற்ற கூலியாட்களையும் சேர்த்தது. ஆந்திராவில் 2019-இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் வந்தது. 11 மாதத்துக்கு ஓர் அட்டை. நில உரிமைக்குப் பங்கம் வராது, கடனும் காப்பீடும் உழுகிறவருக்கு. சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால் அங்கும் பலர் விடுபடுகிறார்கள். இருந்தாலும் உழுகிறவரையும் சொந்தக்காரரையும் தனித்தனியாக எழுத முடியும் என்று காட்டியிருக்கிறது.

ஆடி மாதம் மகனிடம் போனில் சொன்னேன், குத்தகையை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று. "அப்பா, முப்பது வருசமா பேங்க்ல பேப்பர் பாத்தவரு நீங்க. எழுதிக் குடுத்தா நிலம் போயிரும்னு தெரியாதா?" என்றான். தெரியும். வாய்ப்புண்டு என்று தெரியும். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் நிற்கிறது என்பதும் தெரியும். இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை. மாட்டை விற்றுக் கட்டியவர் முகம்தான் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் எழுதினேன். மூன்று வருடக் குத்தகை, சர்வே எண், பரப்பு, குத்தகை மூட்டை எத்தனை என்று எல்லாம் போட்டு, பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்தோடு. தண்ணீர் மூட்டை இரண்டையும் அடித்துவிட்டேன். அதை வைத்துச் சம்பா நெல்லுக்கு அடங்கல் அந்த அம்மா பெயரில் வாங்கினோம். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு உழவர் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். இது பலருக்குத் தெரியவில்லை. அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், குத்தகைக் கடிதம் கொண்டுபோய்க் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 6,000 ரூபாய் வராது. சொட்டுநீர் வராது. அடையாள எண் இன்னும் கிடையாது. அதற்குச் சட்டம் மாற வேண்டும். மாவட்ட ஆட்சியரின் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் மதுரையில் நாங்கள் இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒன்று, அடையாள எண்ணில் குத்தகை உழவருக்கும் ஓர் இடம். இரண்டு, அங்கக வேளாண் தொகுப்புகளில் பட்டாதாரர் சம்மதக் கடிதத்தோடு குத்தகை உழவரையும் உறுப்பினராகச் சேர்ப்பது. உங்கள் மாவட்டத்திலும் கொடுங்கள். ஒரே குரலாக வந்தால்தான் கோப்பு நகரும். கோப்பு எப்படித் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

நிலம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் நகரத்து வேலை முடித்து மண்ணுக்குத் திரும்பியவர்கள். சம்பளமோ பென்சனோ கையில் இருக்க, இயற்கை விவசாயம் செய்கிறோம். அந்த வசதி இல்லாதவரிடம் போய் "உப்பை விடுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால், அவர் எதை நம்பி விடுவார் என்று கேட்டுப் பார்ப்போம். அரசு தராத ஒன்றை நாம் தர முடியும். மூன்று வருடம் மண்ணை நம்பி உழுவதற்கு ஒரு தாள்.

காப்பீட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்த அன்று அந்த அம்மா அதை என்னிடம் நீட்டி, "எம்பேரு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். என் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மஞ்சப்பையில் மடித்து வைத்தார்.

"மூணு வருசம் எனக்குத்தானே? அப்படின்னா வடக்கால இருக்க அரை ஏக்கர ஒங்க வழியில போட்டுப் பாக்குறேன். தக்கப்பூண்டு வெத இருந்தா குடுங்க" என்றார்.

பத்து கிலோ கொடுத்திருக்கிறேன்.